ஏசி அறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டும். 1990களில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்தவர்கள் இந்த விதியை மறந்திருக்க மாட்டார்கள். பல கல்லூரிகளில் ஏசி இருந்த ஒரே அறை அதுதான். முதல்வரின் அறையில்கூட மின்விசிறிதான் சுற்றும். திரைக்கு ஓர் உறை, கீபோர்டுக்கு ஓர் உறை, சிபியூவுக்கு ஓர் உறை. மாலையில் லேப் அசிஸ்டென்ட் ஒவ்வொன்றையும் இழுத்து மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். இன்று நிரல் எழுதுகிறவர், துரைப்பாக்கத்து வாடகை வீட்டில் சாப்பாட்டு மேசைமீது இருக்கும் இட்லித் தட்டைச் சற்று நகர்த்திவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறார். மேலே தூசு, பக்கத்தில் சாம்பார். யாரும் பதறுவதில்லை.

இடையில் நடந்ததைக் கேட்டால், வேகம் கூடியது, அளவு குறைந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். கம்ப்யூட்டர் மேசையிலேயே தலை நரைத்த எனக்கு அதைவிடச் சுவையாகத் தெரிவது காசுக் கணக்கு. ஒரு டெவலப்பரின் கருவிகள் யாருடையவை, அவற்றுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது கொடுக்காமல் தப்பித்தார்கள், இப்போது மறுபடி எப்படிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்ற கணக்கு.

1999 வாக்கில் சென்னையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தின் மேசையை எடுத்துக்கொள்வோம். பென்டியம் 2, அல்லது அப்போதுதான் வந்திருந்த பென்டியம் 3. ராம் 64 எம்பி. ஹார்ட் டிஸ்க் 4.3 ஜிபி, கொஞ்சம் தாராளமான முதலாளியென்றால் 6.4. பிளாப்பி டிரைவ் எல்லா சிஸ்டத்திலும் இருக்கும், சிடி டிரைவ் எல்லாவற்றிலும் இருக்காது. 15 அங்குலக் குழாய்த் திரை பத்துக் கிலோவுக்கு மேல் எடை. மேசையின் பாதியை அதன் முதுகே பிடித்துக்கொள்ளும். அதை 60 ஹெர்ட்ஸில் ஓடவிட்டால் மாலைக்குள் கண் எரியத் தொடங்கிவிடும். விவரம் தெரிந்தவர்கள் புதுச் சிஸ்டத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை 75க்கோ 85க்கோ மாற்றிவிடுவார்கள். திரைக்கு முன்னால் ஆன்டி-கிளேர் கண்ணாடி ஒன்று தொங்கும். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று கடைக்காரர் சொல்வார். தடுத்ததோ இல்லையோ, முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ள உதவியது.

இந்தச் சிஸ்டத்தை முழுப் பெட்டியாக வாங்கியவர்கள் குறைவு. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கொட்டேஷன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, மதர்போர்டு ஓரிடம், ஹார்ட் டிஸ்க் ஓரிடம், கேபினெட் ஓரிடம் என்று சேர்த்து, அங்கேயே ஒரு பையனை வைத்துப் பூட்டிக்கொண்டு வருவார்கள். அசெம்பிள்டு சிஸ்டம். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் ஆகும். வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அது பல மாதச் சம்பளம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அதில் வேலை செய்தவருக்குத் தெரியும். காலையில் திரை வராமல் பீப், பீப் என்று கத்தினால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பக்கத் தகட்டைத் திற, ராமைப் பிடுங்கு, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய், மறுபடி செருகு. பத்தில் எட்டு முறை உயிர் வந்துவிடும். பல அலுவலகங்களில் அந்தத் தகடு திருகு போடாமலே இருந்ததற்கு இதுதான் காரணம். இன்று ஆயிரக்கணக்கான ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அழிப்பானுக்கு வேலையில்லை. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

கீபோர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிவிஎஸ் கோல்டு என்று ஒன்று உண்டு. வங்கி கவுண்டரில், ரயில்வே முன்பதிவு மையத்தில் டக் டக்கென்று சத்தம் கேட்டிருப்பீர்களே, அதுதான். உள்ளே ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல ஸ்விட்சுகள். அழுத்துவது விரலுக்கும் தெரியும், பக்கத்து அறைக்கும் தெரியும். அதில் தட்டிப் பழகிய பலர், பிளஸ் டூ விடுமுறையில் தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுதித் தேறியவர்கள். ரெமிங்டன் இயந்திரத்தில் விரல் பழகியவர்களுக்கு நிரல் எழுதும்போது கீபோர்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டம் கற்றுத்தராத இந்தத் திறமையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது, கவர்ன்மென்ட் வேலைக்கு உதவும் என்ற அப்பாக்களின் கணக்கு. பிறகு மெல்லிய, சத்தமில்லாத கீபோர்டுகள் வந்து கோல்டை மேசையிலிருந்து விரட்டின. வேடிக்கை என்னவென்றால், இன்றைய இளம் டெவலப்பர்கள் மெக்கானிக்கல் கீபோர்டு என்று அதே சத்தத்தைத் தேடிப் பிடித்து, ஏழாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்குகிறார்கள்; ஸ்விட்ச் நீலமா, பழுப்பா, சிவப்பா என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். வங்கி கேஷியரிடம் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

மென்பொருளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறை நிரலர்கள் எல்லோரும் தொடங்கியது ஒரே இடத்தில்: நீலப் பின்னணி, மஞ்சள் எழுத்து, டர்போ சி. கண்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடும், ஆல்ட் எஃப்5 அழுத்தினால் விடை தெரியும். பக்கத்தில் கானேத்கர் எழுதிய சி பாடப் புத்தகமோ பாலகுருசாமி எழுதியதோ விரித்திருக்கும். இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் அது ஒரு சின்னஞ்சிறு பொருள். எழுதும் இடம், மொழிமாற்றி, பிழை தேடும் வசதி, உதவிப் பக்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி பிளாப்பிகளில் அடங்கிவிடும். உதவிப் பக்கங்களை மட்டும் குறைவாக எடைபோட வேண்டாம். ஒரு ஃபங்ஷன் பெயரின் மேல் கர்சரை வைத்துக் கண்ட்ரோல் எஃப்1 அழுத்தினால் விளக்கமும், அப்படியே எடுத்து ஓட்டிப் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டும் வரும். இணையம் இல்லாத ஊரில் உட்கார்ந்து ஒரு மொழியைத் தனியாகக் கற்றுக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

இந்த டர்போ குடும்பத்துக்கு ஒரு கதை உண்டு. டர்போ சி 1987இல் வந்தது. அதற்கு முன் 1983இல் அதே போர்லேண்ட் நிறுவனம் வெளியிட்டது டர்போ பாஸ்கல். நூற்றுக்கணக்கான டாலருக்கு மொழிமாற்றிகள் விற்ற காலத்தில் அதன் விலை 49.95 டாலர். எடிட்டரும் மொழிமாற்றியும் சேர்ந்தே 40 கேபிக்குள் அடங்கின. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப்போல ஐம்பது, நூறு மடங்கு இருக்கும். அதன் மொழிமாற்றியை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க். பிறகு அவரே டெல்ஃபியை வடிவமைத்தார். மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப்பை உருவாக்கினார். 2012இல் டைப்ஸ்கிரிப்டைக் கொண்டுவந்தார். ராமாபுரத்திலும் சோழிங்கநல்லூரிலும் இன்று வெப் வேலை செய்யும் பிள்ளைகளில் பலர் தினமும் தட்டுவது அந்த டைப்ஸ்கிரிப்டைத்தான்.

2025 மார்ச்சில் அவர் இன்னொன்று அறிவித்தார். டைப்ஸ்கிரிப்டின் மொழிமாற்றி மெதுவாக இருக்கிறது, அதை கோ மொழியில் மறுபடி எழுதப்போகிறோம் என்றார். விஎஸ் கோடு எடிட்டரின் மொத்த நிரலையும் சரிபார்க்க 77.8 வினாடி எடுத்த வேலை 7.5 வினாடியில் முடிகிறது என்று காட்டினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். நானும்தான் மகிழ்ந்தேன். ஆனாலும் கண்மூடித் திறப்பதற்குள் நிரலை ஓடவைத்துப் பெயர் வாங்கிய ஒருவர், நாற்பது ஆண்டு கழித்து, பல ஆயிரம் மடங்கு வேகமான இயந்திரங்களில் அதே காத்திருப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 64 எம்பி ராம் 16 ஜிபி ஆனது, 256 மடங்கு. அந்த வளர்ச்சியின் பெரும்பகுதியை நாம் எழுதும் மென்பொருளே தின்றுவிட்டது. விஎஸ் கோடு உள்ளுக்குள் குரோமின் அடிப்படையான குரோமியம் உலாவி. ஸ்லாக்கும் அப்படியே. அவற்றோடு நாற்பது டேப் திறந்த நிஜ உலாவி, டாக்கரில் ஒரு டேட்டாபேஸ், ஒரு வீடியோ மீட்டிங். இவ்வளவும் ஓடினால் 8 ஜிபி லேப்டாப் மூச்சுவாங்கும்.

விலைக்குத் திரும்புகிறேன். கல்லூரியில் டர்போ சி. வேலையில் விஷுவல் பேசிக், விஷுவல் சி++. 1998இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ 6.0 புரொஃபெஷனலின் அமெரிக்க விலை ஆயிரம் டாலருக்கு மேல். அன்றைய மாற்று மதிப்பில் நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். அதாவது அதை ஓட்டும் சிஸ்டத்தின் விலை அளவுக்கே அதன் விலையும். பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கின. மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ரிச்சி தெருவில் சிஸ்டம் வாங்கிய அதே நடையில், நூறு ரூபாயை ஒட்டிய விலைக்கு, மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய சிடி கிடைத்தது. சீரியல் எண்ணும் உறையிலேயே எழுதியிருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை தொழில் கற்றது அந்தச் சிடிக்களில்தான் என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

தரவிறக்கிக்கொள்ளலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியதே 1995 ஆகஸ்ட் 15இல்தான். 56 கேபிபிஎஸ் மோடத்தில், தொலைபேசிக் கட்டணம் தனியாக ஓட, 100 எம்பி இறங்க எல்லாம் சரியாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகும். எல்லாம் சரியாக நடக்காது. நடுவில் யாராவது போன் செய்வார்கள், இணைப்பு அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. இன்று 100 எம்பிபிஎஸ் ஃபைபரில் அது பத்து வினாடி. அதனால் அன்று ஒரு சிடி என்பது மதிப்புள்ள பொருள். மைக்ரோசாஃப்டின் உதவி ஆவணங்கள் அடங்கிய எம்எஸ்டிஎன் லைப்ரரி சிடிக்களை மேலாளரின் அலமாரியில் பூட்டி வைத்திருந்த அலுவலகங்கள் உண்டு. பிசிக்வெஸ்ட் இதழோடு லினக்ஸ் சிடி வரும் மாதத்தில் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி எடுத்துவைக்கச் சொல்வோம்.

அந்த லினக்ஸ் சிடிதான் கணக்கை மாற்றியது. திருட்டு இல்லாமல், காசும் இல்லாமல், முழுமையான கருவிகள். ரிச்சர்ட் ஸ்டால்மனின் ஜிசிசி மொழிமாற்றி 1987இலேயே வெளிவந்துவிட்டது. நம் மேசைக்கு வந்து சேர ஒரு பத்தாண்டு பிடித்தது. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் மாதந்தோறும் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவில், கல்லூரி மாணவரும் வங்கி அதிகாரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எக்ஸ் விண்டோ ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 2004இல் உபுண்டு வந்தது. அதன் நிறுவனம் செய்த ஒரு காரியம் இன்று சொன்னால் நம்புவது கடினம். இணையத்தில் முகவரி கொடுத்தால் போதும், அச்சிட்ட சிடிக்களைத் தபால் செலவுகூட வாங்காமல் உலகில் எந்த ஊருக்கும் அனுப்பினார்கள். 2011இல் அதை நிறுத்தும் வரை, விருதுநகர், நாகர்கோவில் என்று சிறுநகரங்களின் பொறியியல் மாணவர் விடுதிகளுக்கெல்லாம் அந்தப் பழுப்பு உறை போய்ச் சேர்ந்தது. அதே 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். பார்த்த சிலர் இன்று நல்ல இடங்களில் இருக்கிறார்கள்.

2005 ஏப்ரலில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலின் மாற்றங்களைப் பதிந்து காக்கும் கிட் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். இதன் அருமை முன்பு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்குத்தான் புரியும். எங்கள் காலத்து நிரல் பாதுகாப்பு முறை மிக எளிது: ஃபைனல், ஃபைனல் நியூ, ஃபைனல் நியூ 2, கடவுளே இதுதான் ஃபைனல் என்று வரிசையாகக் கோப்புறைகள். அதற்கு மேல் போனால் விஷுவல் சோர்ஸ்சேஃப். அதில் ஒருவர் ஒரு கோப்பை எடுத்துவிட்டால் மற்றவர்கள் தொட முடியாது. எடுத்தவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டால், அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பவரைத் தேடி மாடி மாடியாக ஏற வேண்டும். கிட் வந்தபின் ஒவ்வொருவர் கணினியிலும் திட்டத்தின் முழு வரலாறு இருக்கிறது. நடுச் சர்வர் செத்தாலும் வேலை நிற்காது. 2008இல் வந்த கிட்ஹப் அதைப் பொதுச் சந்தியாக்கியது. அதே ஆண்டு வந்த கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, புத்தக அலமாரியைக் காலி செய்தது.

2015இல் மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோடை இலவசமாக வெளியிட்டது. ரிச்சி தெருவில் எந்த நிறுவனத்தின் சிடியை நூறு ரூபாய்க்கு விற்றார்களோ, அதே நிறுவனம். நூறு எம்பியைத் தொடும் அதைப் பிளாப்பியில் ஏற்றியிருந்தால் எழுபது பிளாப்பி ஆகும். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவர் வைத்திருக்கும் அதே எடிட்டரை, அதே கிட்டை, அதே லினக்ஸை, அதே நாளில், அதே பதிப்பில், விலையின்றி வைத்திருக்கிறார். என் கணக்கில் இந்த முப்பது ஆண்டுகளின் மிகப் பெரிய மாற்றம் இது. எந்தப் பென்டியமும், ஆப்பிளின் எந்த எம் வரிசைச் சிப்பும் கொண்டுவராத சமத்துவத்தை இது கொண்டுவந்தது.

தமிழ் விஷயத்தையும் இங்கே சொல்லிவிடலாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, தமிழ் 99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் முன்வைத்தது. அதற்கு முன்பும் பின்பும் ஆளுக்கொரு எழுத்துரு. தமிழில் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்தால் எழுத்துருவையும் பிளாப்பியில் போட்டுக் கொடுக்க வேண்டும். அது இல்லாத கணினியில் சரக்குப் பட்டியல் முழுக்கக் குப்பைக் குறிகளாகத் தெரியும். விண்டோஸ் 2000இல் யூனிகோட் தமிழும் லதா எழுத்துருவும் வந்தன. இன்று நிரலுக்குள்ளேயே தமிழில் குறிப்பு எழுதலாம், பைதானில் மாறிக்குத் தமிழ்ப் பெயரும் வைக்கலாம். ஆனால் கறுப்புத் திரை டெர்மினலில் தமிழ் வாக்கியம் ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நம்பிக் கட்டப்பட்ட சாதனம் அது. இன்னும் சரியாகவில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேசைக்குக் கீழே யூபிஎஸ் இருந்தது. கரண்ட் போனதும் கத்தும். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். அது கத்தத் தொடங்கியதும் ஹால் முழுக்கக் கண்ட்ரோல் எஸ் சத்தம் கேட்கும். 2012 மின்வெட்டில் சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சையே அப்போது யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். 2020இல் ஊரடங்கு வந்தபோது லேப்டாப் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர், ஃபைபர் மூன்றும் கூடியிருந்ததால்தான் பண்ருட்டியிலும் பரமக்குடியிலும் இருந்தபடி வேலை ஓடியது. அந்த வசதியோடு கழுத்துவலியும் வந்தது. நாற்காலிக்குப் பணம் செலவழிப்பதை வீண் என்று நினைக்கும் வீடுகளில் இன்னமும் பிளாஸ்டிக் நாற்காலியில், தலையணை வைத்து, எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். புது போனுக்குக் கொடுக்கும் காசில் பாதியை ஒரு நல்ல நாற்காலிக்கும், கண் மட்டத்தில் நிற்கும் ஒரு வெளித் திரைக்கும் கொடுக்கலாம்.

இனி இன்றைய கணக்கு. இலவசப் பொற்காலம் முடிந்துவிட்டதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது 2022இல். அந்த ஜூனில் நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட் மாதம் 10 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி. இப்போது கர்சர், கிளாட் கோடு என்று நிரலைத் தானே எழுதி, தானே ஓட்டி, பிழையைத் தானே திருத்தும் துணைகள். அடிப்படைத் திட்டம் மாதம் 20 டாலர் அளவில். நாள் முழுக்க அதை வைத்தே வேலை செய்கிறவருக்கு அது போதாது. 100, 200 டாலர் திட்டங்கள் இருக்கின்றன. 200 டாலர் என்றால் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல், மாதந்தோறும். சான்பிரான்சிஸ்கோ சம்பளக்காரருக்கு அது ஒரு இரவு உணவுச் செலவு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கல்லூரி முடித்து முதல் வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு அது சம்பளத்தில் பெரும்பங்கு.

இவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். நானே தினமும் பயன்படுத்துகிறேன். முன்பு ஒரு மாலை முழுக்கத் தின்ற சலிப்பான வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துத் தருகின்றன. என் கவலை வேறு. டர்போ சியைத் திருடியாவது வைத்துக்கொண்டோம், அது நம் பெட்டிக்குள் இருந்தது. ஜிசிசியும் கிட்டும் இருக்கின்றன. நாளை இணையம் அறுந்தாலும் ஓடும். இந்தப் புதுக் கருவி என்றைக்கும் நம் மேசைக்கு வராது. வேறொரு கண்டத்தின் டேட்டா சென்டரில் உட்கார்ந்திருக்கும், அட்டையில் பணம் இருக்கும் வரை பேசும். விலையை ஏற்றினால் கொடுக்க வேண்டும். அளவைக் குறைத்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒல்லாமா போன்ற மென்பொருளைப் போட்டுச் சிறிய மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், எளிய வேலைகளுக்கு அவை போதும். அதற்கு நிறைய ராம் வேண்டும். அந்த ராமுக்கும் அதே டேட்டா சென்டர்களோடு போட்டி. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டதில் 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளருக்கு ராம் விற்ற தன் குரூஷியல் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. ரிச்சி தெருக் கடைகளில் பல ஆண்டுகளாகப் பார்த்த பெயர் அது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கேமிங் என்று எழுதிய, சிவப்பு விளக்கு எரியும் பெட்டி தேவையில்லை. 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். பட்ஜெட் இடிக்கிறதென்றால் 8 ஜிபியில் வாங்கலாம். ஆனால் ராம் பற்றவைத்ததா, கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். லினக்ஸ், ஜிசிசி, பைதான், கிட், விஎஸ் கோடு அனைத்தும் இலவசம்; ஒரு மாலையில் போட்டுவிடலாம். ஏஐ சந்தாவை முதல் ஆண்டில் கட்ட வேண்டாம். சொந்தமாக நிரல் எழுத வந்தபின் கட்டினால் அது என்ன எழுதித் தருகிறது என்று பிள்ளைக்கே புரியும். டர்போ சி++ஐ டாஸ்பாக்ஸுக்குள் அடைத்து இன்னமும் லேபில் ஓட்டிக்கொண்டிருக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998இல். உங்கள் நீலத் திரை அதற்கு முந்தியது. அதில் படித்த பிள்ளை வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே பாதியை மறக்க வேண்டியிருக்கிறது. இந்த செமஸ்டரோடு அதை எடுத்துவிடுங்கள்.